வலது கைப் பக்கம்

பிலோ பின்னால் நகர்கிறாள், ஒரு எட்டு, இரண்டு எட்டு, நாலாவது எட்டில் நிற்பாள் என்று எனக்குத் தெரியும், சுண்ணாம்புப் புள்ளியில் பந்து அசையாமல் இருக்கிறது, கையுறைக்குள் விரல்கள் நனைந்துபோய்விட்டன, பயமாக இருக்கிறது, இப்போதும், இத்தனை வருஷம் கழித்தும், பட்டப்பகலில் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணயர்ந்தால் போதும், அவள் பின்னால் நகர ஆரம்பித்துவிடுகிறாள், எனக்குப் பின்னால் கோல் கம்பங்கள் அகன்றுகொண்டே போகின்றன, இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே ஒரு தெருவே குடியிருக்கலாம், கண்டக்டர் டிக்கெட் கேட்டு வரும்போது நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னம்மா ஆச்சு என்கிறார், ஒன்னுமில்லண்ணே என்கிறேன், கைகளை மடக்கிக்கொண்டு சில்லறையைத் தேடுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்லூரி, ஊருக்குள் இருக்கிற பழைய பெண்கள் கல்லூரி, கால்பந்து அணிக்குப் பிலோமினா கேப்டன், நான் கோல் காக்கிற கோலி, எங்கள் பச்சைச் சட்டையைப் பார்த்தாலே மற்ற கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், ஏழு வருஷம் தொடர்ந்து பல்கலைக்கழகக் கோப்பை எங்கள் பிரின்சிபால் அறையில்தான் இருந்தது, பிறகு பைபாஸ் ரோட்டில் புதுக் கல்லூரி வந்தது, வந்த புதிதில் எங்களிடம் ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே வேன் ஏறிய அணிதான் அது, நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம், அவர்கள் புல் வளர்த்தார்கள், விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஹாஸ்டல் கட்டினார்கள், தினம் இரண்டு முட்டை, எம்.ஏ. சீட்டு நிச்சயம், முதலில் எங்கள் இடது முன்வரிசைக்காரி போனாள், அப்புறம் தடுப்பில் நின்ற அக்கா தங்கை இரண்டு பேரும் போனார்கள், போனவர்களையெல்லாம் வாய் வலிக்கத் திட்டிவிட்டு மூன்றாம் வருஷ முடிவில் நானும் போனேன். எனக்கு எம்.ஏ. வேண்டியிருந்தது, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள், வேறு வழி தெரியவில்லை. பிலோ போகவில்லை, பழைய கல்லூரியிலேயே ஒரு எம்.காம். சேர்ந்துகொண்டாள், பஸ் ஸ்டாப்பில் என் பையைத் தூக்கிக் கொடுத்தவள் அவள்தான், போடி, போய் நல்லாப் படி, என்னைய எதுத்து நிக்கிறப்ப மட்டும் பல்லைக் காட்டிக்கிட்டு விட்டுக்கொடுத்துராத, எனக்குப் பிடிக்காது என்றாள்.

அவளுடைய ரகசியம் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டாம் வருஷம் அவளுக்கு வலது கணுக்கால் பிசகி, வெந்நீர் ஒத்தடமும் மஞ்சள் பற்றுமாக நான்தான் கூட இருந்தேன், அதற்குப் பிறகு பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி உதைத்தால் அவளுக்கு உயிர் போகும், அதனால் பெனால்டி என்றால் எப்போதும் ஒரே மூலைதான், கோலியின் வலது கைப் பக்கம், தரையோடு தரையாக, காலையில் அவள் நூறு பந்து அடிப்பாள், நூறும் என் வலது பக்கம் வரும், யார்கிட்டயும் சொல்லிராதடி என்றாள், சொல்லவில்லை, புதுக் கல்லூரியின் கோச் தங்கமாயன் சார், அவகூட மூணு வருசம் நின்னவ நீ, எந்தப் பக்கம் அடிப்பா என்று துருவித் துருவிக் கேட்டபோதும், ஞாபகமில்ல சார் என்றுவிட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், அன்றிலிருந்து அவரைக் கண்டாலும் பயம்.

அந்த வருஷம்தான் அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள், முதல் பிரிவில் கடைசியாக வருகிற அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும், எங்கள் புதுக் கல்லூரி அதற்குள் கோப்பையை உறுதி செய்துவிட்டது, பழைய கல்லூரியோடு மோதும் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் எங்களுக்கு ஒன்றுதான், அவர்களுக்கு மட்டும் கீழே இறங்காமல் தப்பிக்க ஒரு டிரா வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் கை குலுக்க வந்த பிலோ என் கையை விடவில்லை, கீழ எறங்கிட்டா டீமையே கலைச்சிருவோம்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாகடி, பிள்ளைக பூராம் ஸ்போர்ட்ஸ் கோட்டால வந்ததுக, டீம் இல்லேன்னா வீட்டுல நிறுத்திருவாக, அவள் கண் கலங்கியிருந்தது, அவள் கலங்கி நான் பார்த்ததே இல்லை. ஒன்றுக்குச் சைபர் என்று நாங்கள் முன்னால் இருக்கிறோம், மூன்று நிமிஷம் இருக்கிறது, எங்கள் பெண் ஒருத்தி கையால் பந்தைத் தட்டுகிறாள், விசில், பெனால்டி, கோட்டுக்கு வெளியே சார் கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார், விட்டுக்கொடுத்தேன் என்று தெரிந்தால் சீட்டு போய்விடும், பிடித்தால் பதினாறு பிள்ளைகளின் படிப்பு போய்விடும், ஓடிவிடலாமா என்றிருக்கிறது, பிலோ நாலாவது எட்டில் நின்று நிமிர்கிறாள், நான் முடிவு செய்துவிட்டேன், இடது பக்கம் விழுவேன், முழு மூச்சாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி, போடி பிலோ, பிழைத்துக்கொள், அவள் ஓடி வருகிறாள், நான் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் பாய்கிறேன், மணிக்கட்டில் சுரீர் என்று ஏதோ அடித்தது.

கண்ணைத் திறந்தபோது பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது. என் பிள்ளைகள் என்மேல் விழுந்து கத்தினார்கள், சார் குதித்தார், நான் அவர்களுக்கு நடுவே பிலோவைத் தேடினேன், அவள் சுண்ணாம்புப் புள்ளிக்குப் பக்கத்தில் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்தக் காலைத் திருப்பி, அந்த வலியோடு, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் மற்ற மூலைக்கு அடித்திருக்கிறாள். கடைசி விசிலுக்குப் பிறகு நொண்டிக்கொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், நீ எனக்காகல்லாம் விட்டுக்கொடுக்க மாட்ட, ஒழுங்கா வலது பக்கந்தான் விழுவேன்னு தெரியும், அதான்டி மாத்தி அடிச்சேன், எப்படிடி கண்டுபிடிச்ச. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, உன் கால் திரும்பியதைப் பார்த்தேன் என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், என் கன்னத்தைத் தட்டினாள், நேர்மைன்னா நீதான்டி என்று சொல்லிவிட்டு, மைதானத்தில் குப்புற விழுந்து அழுதுகொண்டிருந்த தன் பிள்ளைகளை எழுப்பப் போனாள்.