முத்திரை விழாத எம்மெட்

எம்மெட் ஹோல்கம் எங்கள் ஊருக்குப் பார்சலில் வந்தவன். பார்சல் தபால் தொடங்கிய புதிதில் விதையையும் முட்டையையும் போலக் குழந்தைகளையும் சிலர் அப்படி அனுப்பினார்கள். ரயில் சீட்டைவிட மலிவு. அது 1913 மார்ச். ஓஹையோ முழுக்கக் கொட்டிய மழையில் அவன் சட்டையில் குத்தியிருந்த விலாசச் சீட்டு கரைந்துவிட்டது. நெஞ்சிலிருந்த பதினைந்து சென்ட் தபால்தலை மட்டும் தங்கியது. அது சட்டையை விட்டுத் தோலுக்கு எப்போது மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை. அனுப்பிய ஊரில் முத்திரை குத்த மறந்திருந்தார்கள். எங்கள் போஸ்ட்மாஸ்டர் ஹோல்கமுக்கோ பச்சைக் குழந்தையின் நெஞ்சில் குத்த மனசு வரவில்லை. கேட்பார் வராததால் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தன் பெயரைக் கொடுத்து வளர்த்தார்.

முத்திரை விழாத தபால் இன்னும் வழியில் இருக்கும் தபால்தானே. தூங்கிய குழந்தை விடியும்போது தொட்டிலோடு மேற்குச் சுவரில் முட்டிக்கொண்டு கிடக்கும். பள்ளிக்கூட வயதில் தூக்கத்திலேயே தோட்டத்து வேலி வரை போனான். முப்பது வயதில் சோளக் காடெல்லாம் தாண்டினான். தரைக்கு ஒரு சாண் மேலே, மல்லாந்தபடி, பால் வண்டி வேகத்தில் போவதைக் கறவைக்கு எழுந்தவர்கள் பார்த்துத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார்கள். கட்டிலில் கட்டிப் பார்த்தபோது கட்டிலும் கூடப் போனது. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் மட்டும் வீட்டிலேயே கிடப்பான். அன்று தபால் கிடையாது. ஊர் நாய்கள் தபால்காரரைக் கண்டால் குரைப்பது போல அவனைக் கண்டாலும் குரைத்தன.

எல்ம் தெரு பெயிண்ட் கடைக்குப் பின்னால் ஆர்டெல் ப்ரூவிட் பழைய தபால்தலைகளைப் பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே வாஷிங்டன் முகம், ஒரே சிவப்பு, நூறு வகை. விளிம்புப் பற்களை அளவு அட்டையில் வைத்து எண்ணுவாள். கறுப்புத் தட்டில் கவிழ்த்து, பெட்ரோல் வாடையடிக்கும் திரவத்தை ஊற்றினால் தாளுக்குள் ஒளிந்திருக்கும் எழுத்து தெரியும். அதை வைத்து வருஷம் சொல்லுவாள். முத்திரையைக் கழுவிவிட்டுப் புதிது என்று கொண்டுவருபவர்களை வாசலிலேயே கண்டுபிடிப்பாள். ஒன்றுக்கும் உதவாத ஆல்பங்களுக்கு ஒரு வாசகம் வைத்திருந்தாள்: "உங்க மாமா இதை ஆசையா வெச்சிருந்தாரு பாருங்க, அதுவே பெரிய விஷயம்."

எம்மெட் சட்டையைத் திறந்து காட்டியபோது அவள் தபால்தலையின் பற்களை எண்ணினாள், அவனுக்குக் கூசியது. திரவத்தை ஊற்றினாள், ஒற்றைக் கோட்டில் வரைந்த மறைவெழுத்து நெஞ்சில் தெளிவாகத் தெரிந்தது. தாள் அந்தக் காலத்துத் தாள்தான். நிறத்தில்தான் சிக்கல். பார்சல் தபால்தலைகள் எல்லாமே ரோஜாச் சிவப்பு; அவள் குனிந்தால் அவனும் அதே நிறமாகிவிடுவான். சிவப்பு வடியட்டும் என்று காத்திருந்ததில் ஒரு கோடைகாலம் போயிற்று. ஞாயிறுதோறும் வந்தான்; மற்ற நாட்களில் மேற்கேயிருந்து பஸ்ஸில் திரும்பவே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

கடைசியில் எழுதிக் கொடுத்தாள்: அசல், முத்திரை விழாதது, பசை முழுசாக உள்ளது. தபால்தலைச் சங்கத் தலைவர் பல் டாக்டர் வூட்ரிங் ஒரு வாரம் யாருக்கும் பல் பிடுங்கவில்லை; அப்படி ஓர் அபூர்வத்தை அவர் பார்த்ததே இல்லையாம். எம்மெட் வெயிலில் நிற்கக் கூடாது, ஆற்றில் குளிக்கக் கூடாது, ஜூலையில் வியர்க்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. சிகாகோ கண்காட்சியில் அவனைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தவும் ஏற்பாடாயிற்று.

அந்த நவம்பரில் அவன் மேற்கே பக்கத்து மாநிலமான இண்டியானாவில் ஒரு மாட்டுக் குட்டையின் மேல் கண் விழித்தான். பாதம் நீலம் பாரித்திருந்தது, புருவத்தில் உறைபனி. வருஷத்துக்கு வருஷம் தூரம் கூடிக்கொண்டிருந்தது; ஜனவரிக் குளிரில் இப்படிப் போனால் பஸ்ஸில் திரும்பி வர ஆள் இருக்க மாட்டான். ஆர்டெல் அவன் காலை வெந்நீரில் வைத்துத் தேய்த்தாள். பிறகு நேராக டாக்டரிடம் போனாள்.

"நாம எதைப் பெருமைன்னு எழுதினோமோ, அதுதான் டாக்டர் அவனுக்கு வியாதி. முத்திரை குத்திடணும்."

"ஏம்மா ஆர்டெல், நாப்பது வருஷம் கழிச்சு முத்திரையா? அது எந்த வகையில சேரும்? ஒரு பய வாங்க மாட்டானே."

"அதான் வேணும். ஒரு பயலும் வாங்கக் கூடாது."

முத்திரையை அவளே குத்தியிருக்கலாம். ஆனால் போலி முத்திரைகளைப் பிடித்தே வாழ்ந்தவள். எம்மெட்டைத் தபாலாபீஸ் ஜன்னலுக்கே கூட்டிப்போனாள். கிறிஸ்துமஸ் பார்சல்களோடு நீள வரிசை. டாக்டரும் பின்னாலேயே வந்து நின்றார். இப்போதைய போஸ்ட்மாஸ்டர் வெர்னா கண்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் நெஞ்சைப் பார்த்தாள்.

"தபால்தலை செல்லும். ஆனா இவன் யாருக்குப் போறான்? விலாசம் இல்லாம நான் குத்த மாட்டேன்."

ஆர்டெல் கவுண்ட்டரில் சங்கிலி போட்டிருந்த பேனாவை எடுத்து, தபால்தலைக்குப் பக்கத்தில் தன் பெயரையும் தெருவையும் எழுத ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் அழுத்தி எழுது," என்றான் எம்மெட். "ஏற்கெனவே ஒரு தடவை அழிஞ்சு போயிருக்கு."

"ஆடாம நில்லு. கூசுதுன்னு நெளிஞ்சா வேற தெருவுக்குப் போயிடுவ."

வெர்னா ஓங்கிக் குத்திய சத்தம் எதிரே முடிதிருத்தும் கடை வரை கேட்டது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரெண்டு தெருதானே, நடந்தே போய்விடுகிறேன் என்று எம்மெட் சொல்லிப் பார்த்தான். அதெல்லாம் முறையில்லை என்று தபால் பிரித்து அடுக்கும் அறையில் அவனை உட்காரவைத்தார்கள். மறுநாள் காலை தபால்காரர் ஒரு விதைக் கடைப் புத்தகத்தோடும் மின்சார பில்லோடும் சேர்த்து அவனை ஆர்டெல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தில் கேக் சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து, மாப்பிள்ளையின் சட்டையை ஒதுக்கிப் பார்த்தார். "நடுவுல அழகாத்தான் விழுந்திருக்கு," என்று ஒப்புக்கொண்டார். எம்மெட் அதன்பிறகு படுத்த இடத்திலேயே எழுந்தான். தெருவில் அவன் போகும்போது நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.