மொட்டைமாடி வரி

காலையில் பெல்ட் ஓடத் தொடங்குவதற்கு முன் அக்கா ஒரு காலி பாட்டிலை எடுப்பாள். இடது காதோரம் பிடித்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். நல்ல கண்ணாடி கணீரென்று சொல்லும். விரிசல் விழுந்தது மண்சட்டி மாதிரி முனகும். தூரத்தில் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். சத்தம் காதில் விழுந்துவிட்டால் ஒருமுறை தலையாட்டுவாள். அதற்கப்புறம்தான் அவன் சாவியைத் திருப்புவான். ஒன்றரை வருடமாக இதுதான் வழக்கம்.

இருமல் மருந்து அடைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. மூடி போடும் மெஷின் அவளுடைய வலது பக்கம். காதடைப்பான் என்ற ஒன்றை நிர்வாகம் கொடுக்க ஆரம்பித்தது பதினாறாவது வருடத்தில். அதற்குள் மெஷின் வலது காதைத் தின்று முடித்து, இடது காதில் வாய் வைத்திருந்தது.

ஒன்றரை வருடம் முன்பு காது பரிசோதனை செய்த பெண் ஒரு காகிதத்தைக் காட்டினாள். அதில் கோடு வலது பக்கமாகச் சரிந்து இறங்கியிருந்தது. "மேல் சுருதில ஆரம்பிச்சு, மேல இருந்து கீழ இறங்கும்மா. முதல்ல குருவி, காலிங் பெல், அப்புறம் குழந்தைங்க, பொம்பளைங்க. ஆம்பளைங்க பேசறது கடைசியாத்தான் போகும்."

"கடைசி வரைக்கும் ஆம்பளைங்க பேச்சக் கேட்டுத்தான் ஆகணுமா?" என்றாள் அக்கா. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கூட வந்த அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அம்மா போன பிறகு அவனைப் படிக்கவைத்தது, படிப்பு ஏறவில்லை என்றதும் இதே தொழிற்சாலையில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தது, எல்லாம் அவள்தான்.

கச்சேரிச் செய்தியைக் கொண்டுவந்தவன் மெக்கானிக். எந்தப் பாட்டை எடுத்தாலும் பல்லவி மட்டும்தான் தெரியும், சரணம் வந்தால் தானனா போட்டுவிடுவான். அதனால் அவன் பெயரே பல்லவி என்று ஆகிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியை எவர்சில்வர் டம்ளருக்குள் நிற்கவைத்துப் பாட்டுப் போடுவது அவன் பொறுப்பு. டம்ளருக்குள் விழுந்தால் சத்தம் இரட்டிப்பாகும். போடுவதெல்லாம் ஒரே பாடகர். பெயர் சொல்ல மாட்டார்கள், நம்மாளு என்பார்கள்.

நம்மாளு முப்பது வருடம் முன்பு பாடிய ஒரு பாட்டில், இரண்டாம் சரணம் முடியும்போது எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றுவிடும். குரல் மட்டும் தனியாக மேலே ஏறும். அந்த வரிக்கு மூவரும் வைத்த பெயர் மொட்டைமாடி. மேலே கூரையும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடிச் சுவரும் இல்லை. அந்த இடம் வரும்போது பக்கத்து மேஜைக்காரர்கள்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"அடுத்த மாசம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஸ்டேடியத்துல," என்றான் பல்லவி. "இதான் கடைசியாம். மூணு டிக்கெட் சொல்லிட்டேன்."

"எனக்கு வேணாம். அக்காவுக்கும் வேணாம்," என்றான் தம்பி.

"ஏன்டா மாப்ள?"

"எழுபத்தெட்டு வயசு. போன வருஷம் வெளியூர்ல பாடின வீடியோ பாத்தேன். நாற்காலில உக்காந்துட்டு பாதி வரிய முழுங்கறாரு. மேல ஏற வேண்டிய இடமெல்லாம் கோரஸ் பொண்ணுங்க ஏறுது."

"பாடவே வேணாம்டா. வந்து நின்னாப் போதும். நான் பாத்துட்டு வந்துடுவேன்."

"பாக்கறதுக்கு அவரு என்ன கோபுரமா?"

அக்கா டம்ளரிலிருந்து கைபேசியை எடுத்து அணைத்தாள். "என் காதும் சரியில்ல, அவரு தொண்டையும் சரியில்ல. ரெண்டையும் சேத்து வெச்சா கணக்கு சரியாப் போயிடும்டா."

பல்லவி மேஜையைத் தட்டிச் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. அவளுடைய காது மூடிக்கொள்ளும் நாளில் உள்ளே தங்கிவிடப்போகிற குரல் எதுவாக இருக்கும் என்பதுதான் அவன் கவலை. முப்பது வருடக் குரல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்த ஒரு கிழக்குரல் போய் உட்கார்ந்துவிடக்கூடாது. இதை அவளிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஒரு மாதம் முழுக்க ஒரே பல்லவியைப் பாடினான்: அவரால பாட முடியாதுக்கா, குரல் போயிடுச்சுக்கா.

கடைசியில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள். "டம்ளர்ல கேக்கறது ஊரே கேட்டதுடா. எனக்குன்னு, என் முன்னாடி, ஒரே ஒரு தடவை பாடட்டும். அப்புறம் காது போனாப் போகட்டும். நீ வரலன்னா பரவால்ல, பல்லவியோட போறேன். என்ன, கூட்டத்துல யாராவது பின்னால இருந்து கூப்பிட்டா எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

அவன் போனான்.

மூன்றாம் அடுக்கில் இடம். மேடையில் நம்மாளு ஒரு வெள்ளைப் புள்ளி. இரு பக்கமும் தொங்கிய திரைகளில் மட்டும் முகம். அக்கா பெட்டியிலிருந்து காதுக்கருவியை எடுத்து மாட்டி, தலையைச் சாய்த்து, இடது காதை மேடைக்குக் கொடுத்தாள். முதல் நான்கு பாட்டும் ஒப்பேற்றிவிட்டார். சுருதி இறங்கியிருந்தது, மேல் இடங்களில் பெண்கள் கைகொடுத்தார்கள். அக்கா உதட்டசைத்துக் கூடவே போய்க்கொண்டிருந்தாள். "நல்லாத்தானடா இருக்கு," என்றாள் ஒருமுறை, தேவைக்கு மேல் சத்தமாக.

ஐந்தாவதாக அந்தப் பாட்டு. இரண்டாம் சரணம் முடிந்தது. வாத்தியங்கள் நின்றன. அவர் கையை உயர்த்திக் கோரஸையும் நிறுத்தினார். இதைத் தானே பாட நினைத்தார் போலிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்தார். திரையில் கண் மூடியது, வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

அத்தனை ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் இருந்தார்கள். வாய் திறந்தபடியே இருந்தது, பாட்டின் அந்த வரி ஓடி முடியும் அளவுக்கு. பிறகு எங்கோ ஒருவர் எழுந்து கைதட்டினார். அடுத்த கணம் அரங்கமே எழுந்துவிட்டது. கிழவரை அந்த மௌனத்தில் தனியாக விட்டுவிடக்கூடாது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியதுபோல ஒரு கைதட்டல். தபேலா மறுபடி பிடித்துக்கொண்டது.

அக்கா எழவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"பாடிட்டாரா?" என்றாள். "எனக்கு வரலடா. தபேலா வருது. கைதட்டறது வருது. மொட்டைமாடி மட்டும் வரல. மேல இருந்து போயிடுச்சு."

"அக்கா, அவரு பாடல. குரல் எழும்பல. யாருக்குமே கேக்கல."

அவள் அவனைப் பார்த்தாள், சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் பார்ப்பதுபோல. "ஒரு மாசமா இதையேதானடா சொல்ற. பாடாததுக்கா இத்தனை பேரு எந்திரிச்சு நிக்கறாங்க?"

அவன் பல்லவியின் தோளைப் பிடித்துத் திருப்பினான். "டேய், சொல்லுடா. பாடினாரா, இல்லையா?"

பல்லவியின் முகமெல்லாம் கண்ணீர். தலைக்கு மேல் கைகள் தட்டிக்கொண்டே இருந்தன. "பாடினாருடா!" என்று கத்தினான். "நம்மாளு பாடிட்டாருடா!"

அக்கா மணிக்கட்டை விட்டாள். காதுக்கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

வெளியே, அவள் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் பல்லவியின் சட்டையைப் பிடித்தான். "அவ்வளவு பேரு நடுவுல நம்மாள எப்படிடா விட்டுக்கொடுக்கறது?" என்றான் பல்லவி. தன் காதுதான் போய்விட்டது என்று அக்கா நம்பிவிட்டதை அவன் சொன்னதும் பல்லவி நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அக்கா வந்ததும் எழுந்து, "அக்கா, நான் புளுகிட்டேன், அவரு பாடலக்கா," என்றான். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டீங்களா? நல்ல பசங்கடா," என்றாள்.

பேருந்தில் அவன் கைபேசியில் விடாமல் தேடினான். யாரோ எடுத்த காட்சி அதற்குள் வந்திருந்தது. அவளைக் கருவியை மாட்டவைத்து, அந்த இடத்தை அவள் இடது காதோடு சேர்த்துப் பிடித்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இதுலயும் வரல," என்றாள்.

அவன் கையில் இருந்த ஒரே சாட்சி ஒரு மௌனம். அதை அவளுக்கு எப்படிக் கேட்கவைப்பது? பழைய ஒலிப்பதிவைப் போட்டான். மொட்டைமாடி ஏறியது. அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "கேக்குதுல்ல? கேக்குதுல்லக்கா?" என்று அவன் அவசரப்பட்டான்.

"அது ஞாபகம்டா. முப்பது வருஷமாக் கேட்டது. அதுக்குக் காது வேணாம்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ போக வேணாம்னுதான் சொன்ன. எனக்காக அவரு பாடினாரு. நான்தான் இல்ல."

திங்கட்கிழமை காலை அவன் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து காத்திருந்தான். அக்கா கையுறை மாட்டினாள், முக்காலியை இழுத்துப் போட்டாள். பாட்டில் எதையும் எடுக்கவில்லை. அவன் இறங்கிப் போய் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"தட்டிப் பாருக்கா."

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, விரிசல் இல்லை என்று கண்ணால் பார்த்தாள். பெல்ட்டில் வைத்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. அவன் அப்புறம் சொன்னது எதுவும் அவனுக்கே கேட்கவில்லை.