பூஜைக்கு முன் எண்ணெய்

1960 ஏப்ரலில் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவோடு சேர்ந்தன. திருப்பதியில் ஆயில் இன்ஜின் விற்ற நாராயணசாமியின் கடைக்கு அங்கிருந்து தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். கம்பெனிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் பார்த்துத் தமிழில் ஒரு பக்கச் செய்முறைத் தாள் எழுத, பௌதிகம் படித்த என்னை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தார்.

பன்னிரண்டு வரிகள் எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு வேலை. நாலாவது வரி, மசகு எண்ணெய் ஊற்றுவது. புது இன்ஜின் எண்ணெய் இல்லாமல்தான் வரும். அப்படியே ஓடவிட்டால் பேரிங் இறுகிவிடும்.

மே மாதம் இரண்டு இன்ஜின்கள் இறுகித் திரும்பி வந்தன. மெக்கானிக் கங்கையா திறந்து பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றவில்லை என்றார். நாராயணசாமி என் தாளை மேசைமேல் போட்டார்.

"இன்னொண்ணு இப்படி வந்துச்சுன்னா நீ வர வேணாம் கிரேஸ். வேற ஆளப் பாத்துக்கறேன்."

தாளை ஏழெட்டு முறை படித்தேன். தவறு தெரியவில்லை. வாங்கியவர்களில் ஒருவரையே கேட்பது என்று பிச்சாட்டூர் பஸ்ஸில் ஏறினேன். புதியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. கேள்விகளைச் சீட்டில் எழுதி எடுத்துப் போனேன்.

இன்ஜின் வாங்கிய ரத்தினம்மா வயலில் இருந்து வந்து என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்தார். தாளைப் படித்தீர்களா என்று கேட்டேன்.

"சனிக்கிழம வேல ஆரம்பிக்கசொல்ல படிக்கலாம்னு வெச்சிருந்தோம் டீச்சரம்மா. வெள்ளிக்கிழம பூஜதானே. நல்ல நேரம் போய்க்கினு இருந்திச்சு. குங்குமம் வெச்சி, தேங்கா ஒடச்சி, சும்மா கொஞ்ச நேரம் ஓட வுட்டோம்."

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? இது சீட்டில் இல்லாத கேள்வி.

"கற்பூரம் அணையற வரைக்கும்தான். அப்புறம் பங்காளிங்க லேட்டா வந்தாங்க. அவங்களுக்கு ஒருக்கா காட்னோம்."

பூஜை போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஓடவிட்டுப் போடுவார்கள் என்று தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் இன்ஜின் வாங்கியதில்லை.

மறுநாள் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில், "பூஜைக்கு முன் எண்ணெய் ஊற்றவும்" என்று எழுதினேன். தாளோடு வைக்காமல், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியிலேயே கட்ட வேண்டும் என்றேன். அதை அவிழ்க்காமல் யாரும் சுற்ற முடியாது.

மெஷின் அட்டையில் பூஜையா, கம்பெனிக்காரர்கள் சிரிப்பார்கள் என்றார் நாராயணசாமி.

"சிரிக்கட்டும் சார். பூஜை போடாம அவங்க தொட மாட்டாங்க."

"உங்க ஆளுங்க வாங்கினா?"

"அவங்களும் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணாம தொட மாட்டாங்க."

கங்கையா சிரித்துவிட்டார். நாராயணசாமி பேனாவை எடுத்து, பூஜைக்குப் பக்கத்தில் 'ஜெபத்துக்கு' என்று தானே சேர்த்தார்.

ஜூனில் சத்தியவேட்டு ஏகாம்பரத்துக்கு ஓர் இன்ஜின் போனது. கூடப் போய் இறக்கிவிட்டு வந்த கங்கையா, மறுநாள் வெள்ளிக்கிழமை பூஜை என்றார். அன்றிலிருந்து ரோட்டில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால், இதுவும் திரும்பி வருகிறதோ என்று எழுந்து பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏகாம்பரமே கடைக்கு வந்தார். இன்ஜின் நன்றாக ஓடுகிறதாம். ஆனால் ஒரே கோபம். பூஜை நேரத்தில் அட்டையைப் பார்த்து, எண்ணெய் டின்னைத் தேடி எடுத்து ஊற்றுவதற்குள் நல்ல நேரம் முடிந்து ராகுகாலம் வந்துவிட்டதாம். பன்னிரண்டு மணி வரை காத்திருந்தார்களாம்.

அவர் போனபின் நாராயணசாமி அட்டையை என்னிடம் நீட்டினார்.

"முந்தின நாளே ஊத்தணும்னு எழுது. அடுத்த மாசம் நாலு இன்ஜின் போவுது."