மச்சினன் போட்ட வாஷர்

சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகும் ரோட்டோரம் அப்துல் வதூது பாயின் ஷெட். தண்ணீர் மோட்டாருக்கு ரப்பர் வாஷர் வெட்டும் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது வாஷரைக் கெடுத்துவிட்டால் குப்பையில் போடக்கூடாது. யார் கெடுத்தது, எதனால், இனி என்ன செய்யணும் என்று அட்டைத்துண்டில் எழுதி, வாஷரோடு வாசல் கம்பியில் தொங்கவிட வேண்டும். கெடுத்தவர் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். பாயின் பேரே அந்தக் கம்பியில் நிறையத் தொங்கியது. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

இப்படி நிம்மதியாக ஓடிய ஷெட்டில் புதுச்சேரி மோட்டார் கம்பெனி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. மாசக் கடைசிக்குள் ஐ.எஸ்.ஓ. சர்ட்டிபிகேட் வாங்காவிட்டால் ஆர்டர் கிடையாது. ஷெட்டுக்கு இருந்ததே அந்த ஒரு கம்பெனிதான்.

"நம்ம அஷ்பாக் இருக்கானே" என்றாள் பாயின் மனைவி மலிகா. அஷ்பாக் அவள் தம்பி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஐ.எஸ்.ஓ. கன்சல்டன்ட் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தான். "ஆனா அவன எதுவும் சொல்லிடாதீங்க. வாயில்லாப் பூச்சி."

வாயில்லாப் பூச்சி ஆட்டோ நிறைய ஃபைலோடு வந்து இறங்கி, சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை வாயை மூடவில்லை. வாஷர் வெட்டும் கைப்பிரஸ்ஸை இழுப்பது எப்படி என்பதற்கே ஒரு தடி ஃபைல். பிரஸ் ஓட்டும் தனம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டிபன் டப்பா ஆடாமல் இருக்க அடியில் வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அவன் கண் கம்பியில் விழுந்தது.

"என்ன மச்சான் இது, நம்ம மானத்த நாமளே தோரணம் கட்டி வெச்சிருக்கீங்க? சர்ட்டிபிகேட் குடுக்க வர்ற ஆடிட்டர் பாத்தா அவ்ளோதான்."

அத்தனையையும் கழற்றி மூட்டை கட்டிக் கடலூருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாய்க்கு வயிறு எரிந்தது. ஆனால் மலிகாவின் முகம் ஞாபகம் வந்ததால் பேசாமல் இருந்துவிட்டார்.

ஆடிட்டர் பிரிசில்லா வந்த அன்று அஷ்பாக் புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றான். அந்தம்மா ஃபைல்களைத் தொடவில்லை. ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார்.

"கெட்டுப்போன பீஸெல்லாம் எங்க?"

"இங்க தப்பே நடக்காதுங்க மேடம்" என்றான் அஷ்பாக்.

"தப்பே நடக்காத எடத்த நான் பாத்ததில்ல. தப்பு வந்தா என்ன செய்றீங்கன்னு பாக்காம என்னால கையெழுத்துப் போட முடியாது." பேனாவை மூடினார்.

பாய் தனத்தின் பக்கம் நகர்ந்தார். "தனம், ஒண்ணு கெடுத்துக் காட்டேன்" என்றார் மெல்ல.

"வேணும்னு கெடுத்தா அது எப்படி பாய் தப்பாவும்? வடை வேற நான் வாங்கணும்."

அப்போதுதான் பாய்க்குக் குறும்பு எட்டிப் பார்த்தது. "மேடம், பிரஸ் ஓட்டுற மொறைய எழுதினதே எங்க மச்சினன்தான். அவரே ஒண்ணு போட்டுக் காட்டட்டும்."

அஷ்பாக்குக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டைக் கையை மடித்து, பிஸ்மி சொல்லி, ஓங்கி இழுத்தான். விழுந்த வாஷரில் ஓட்டை நடுவில் இல்லை, ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.

யாரும் சொல்லாமலே தனம் அட்டையை எடுத்தாள். "பேரு அஷ்பாக். ரப்பர் ஷீட்ட பிரஸ் முட்டுல சேக்காம இழுத்துட்டாரு. இனிமே சேத்துட்டு இழுக்கணும்." எழுதி, வாஷரோடு வாசல் கம்பியில் கட்டிவிட்டு, ஷீட்டைச் சரியாக வைத்து நல்லதாக ஒன்று வெட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

பிரிசில்லா பேனாவைத் திறந்தார். "இதத்தான் கேட்டேன். இந்தப் பழக்கத்த ஏன் ஒளிச்சு வெச்சீங்க? சின்ன எடத்துக்கு இவ்ளோ ஃபைல யாரு கேட்டா? மெல்லிசா ஒண்ணு போதும். சரி, அடுத்து என்ன செய்வீங்க?"

"அடுத்து வடைங்க" என்றாள் தனம்.

அஷ்பாக் வடை வாங்கப் போனான். போனவன் சட்னி மறந்து வந்ததை யாரும் அட்டையில் எழுதவில்லை.

மாசக் கடைசிக்கு முன்பே சர்ட்டிபிகேட் வந்தது. பார்க்க வந்த மலிகாவின் கண் சர்ட்டிபிகேட்டில் நிற்காமல் நேரே கம்பிக்குப் போனது.

"என் தம்பி பேரு இங்க எதுக்குத் தொங்குது?"

"நான் ஒரு வார்த்த சொல்லல மலிகா. அது ஐ.எஸ்.ஓ.வுக்காகத் தொங்குது, கழட்டினா சர்ட்டிபிகேட் போயிடும்."

மலிகா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். அன்று ராத்திரி மீன் குழம்பில் உப்பு ஜாஸ்தி. அதற்கு அட்டை எழுத பாய்க்குத் தைரியம் வரவில்லை.