புதுப்பட்டை

பஞ்சாலை சீனி டின்னை ஒளித்து வைக்காத இடம் அந்த ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் பாக்கியில்லை. அரிசிப் பானைக்குள் வைத்தாள், துணி மூட்டைக்கு அடியில் வைத்தாள், ஒருமுறை சாமிப் படத்துக்குப் பின்னால்கூட வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தால் என்ன? அவள் புருஷன் முருகையா மோப்பம் பிடித்து எடுத்துவிடுவார். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகிறது, ஆனாலும் கோப்பியில் சீனி இல்லாவிட்டால் மனுஷருக்கு வேலைக்குப் போகக் கால் எழாது.

"எதுக்கெடுத்தாலும் வேணாம், வேணாம்! தடுக்குறதுக்குன்னே பொறந்தவ நீ" என்பார்.

நீலாய்ப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் அவரைப் போல் பட்டை சீவிப் பால் மரம் வெட்ட ஆள் கிடையாது. அது உண்மைதான். அந்தத் தலைக்கனத்தில் யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அப்பேர்ப்பட்டவரின் கத்தியே பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தத் தொடங்கியபோதுதான் கண்ணில் கோளாறு என்று தெரிந்தது. பஞ்சாலை அழுது, சண்டை போட்டு, அவரைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண் டாக்டர் வள்ளியப்பன் அதே ஊரின் ரஹாங் பகுதியில் வளர்ந்த செட்டியார் வீட்டுப் பிள்ளை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"இனிப்பு நீர் முத்திப்போயி, கண்ணுக்குள்ள இருக்கிற பழைய ரத்தக்குழாய் அடைச்சிருக்கு ஐயா. அதுக்குப் பதிலா புதுசு புதுசாக் குழாய் முளைக்குது."

முருகையாவின் முகம் மலர்ந்தது. "புதுசா முளைக்குதா? அப்ப நல்லதுலா!"

"ஐயோ, அதுதான் ஆபத்து. ரொம்ப மெல்லிசான குழாய். எப்ப வேணும்னாலும் உடைஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டும்." டாக்டர் பஞ்சாலையின் பக்கம் திரும்பினார். "நம்ம உடம்பே ஒரு ஹார்மோன் சுரக்குதும்மா. சின்னச் சாமான்தான். 'போதும், நிறுத்து'ன்னு சொல்றதுதான் அதோட வேலை. நல்ல கண்ணுல அது இருந்து, புதுக்குழாய் முளைக்க விடாமத் தடுக்கும். இவருக்கு அது கொறைஞ்சிருக்கும்னு நெனைக்கிறோம். அது மாதிரியே மருந்து செஞ்சு, ஊசியாப் போட்டா நிக்குமான்னு வெளிநாட்டுல சோதிச்சுக்கிட்டிருக்காங்க. நம்ம கைக்கு இன்னும் வரலை. இப்போதைக்கு லேசர் ஒளியால சுட்டுத்தான் நிறுத்தணும். அடுத்த வாரமே கூட்டிக்கிட்டு வாங்க."

"எங்க வீட்டுல 'நிறுத்து'ன்னு சொல்ற வேலைய நாந்தான் பாக்குறேன் டாக்டரு" என்றாள் பஞ்சாலை. "நான் கத்துனாலும் கேக்காதவரு, உள்ளுக்குள்ள இருந்து அது முனகுனா கேக்கவா போறாரு?"

டாக்டர் சிரித்துவிட்டார். முருகையா சிரிக்கவில்லை.

பால் மரத்தில் ஒரு பக்கத்துப் பட்டையை வெட்டித் தீர்த்துவிட்டால் மறுபக்கம் போவார்கள். விட்ட இடத்தில் மெல்லப் புதுப்பட்டை வளரும். அது தடிக்கிறவரைக்கும் கத்தி வைக்கக் கூடாது. தடித்தபின் மறுபடியும் பால் தரும். முருகையாவுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். மறுநாள் பால் நிறுக்கிற கொட்டகையில் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "என் கண்ணுல புதுப்பட்டை போட்டிருக்கு. அதைப் போயிச் சுடணுங்கிறான் அந்த டாக்டர்ப் பையன்!"

"விட்டா தானாத் தடிச்சிரும்லா" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆறுமுகம் தலையாட்டினார். ஆமாம், கண்ணுக்கு வைத்தியம் சொல்ல மண்டோரை விட்டால் ஆள் ஏது!

டாக்டர் சொன்ன நாளில் பஞ்சாலை விடியுமுன்னே எழுந்து, நல்ல சேலை கட்டி நின்றாள். முருகையா வழக்கம்போல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இளம்பட்டையில கை வைக்கிறவன் மரம் வெட்டுறவனாடி? மரமே பட்டுப்போயிடும்."

"நீங்க என்னா மரமா? கண்ணுய்யா அது, கண்ணு!"

அவள் வாசலில் கையைக் குறுக்கே நீட்டி நின்றாள். "தடுக்காத, வழிய விடு" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போனார். சிரம்பான் பஸ் முச்சந்தியில் ஹார்ன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. பஞ்சாலை சேலையை மாற்றிக்கொண்டு, வயிறெரியப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு தானும் மரம் வெட்டப் போனாள். அதற்கப்புறமும் அவள் ஓயவில்லை. பட்டினி கிடந்தாள், காலில் விழுந்தாள். பிடித்த பிடியை அவர் விட்டால்தானே!

இலையுதிரும் காலத்தில் ஒரு காலை, பக்கத்து மர நிரையிலிருந்து அவர் அலறல் கேட்டது. ஓடிப் போனாள். கத்தி கீழே கிடந்தது. வெட்டிய கோட்டில் பால் இறங்கி மங்குக் கோப்பையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வலது கண்ணுல செகப்பா என்னமோ இறங்குதுடி." அவர் பாலில் விரலைத் தொட்டு முகத்தருகே கொண்டுபோனார். "இது பாலா, ரத்தமாடி?"

பஞ்சாலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரம்பான் பஸ்ஸுக்கு ஓடினாள்.

டாக்டர் வள்ளியப்பன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் கண்ணில் பார்வை திரும்பாது என்றார். மற்றதற்கு லேசர் வைத்தார். காலம் கடந்துவிட்டது. அடுத்த தீபாவளிக்குள் அதுவும் இருண்டுபோனது.

கண் போன துக்கம் விசாரிக்க ஆறுமுகம் வந்தார். "பொம்பள நீ கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்லா."

"அன்னிக்குக் கொட்டகையில தலையாட்டுனது யாரு மண்டோரே?"

ஆறுமுகத்துக்கு உடனே ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

அவர் போனபின் முருகையா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவன் சொல்றதும் சரிதான். நீ அன்னிக்கு என்னைத் தடுத்திருக்கணும்டி."

பஞ்சாலைக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கசந்த சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து இந்த வாய் வேறென்ன சொன்னது? எழுந்து போய்க் கோப்பி கலந்தாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுச் சீனி டின்னை எடுத்து, கோப்பியையும் டின்னையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க சீனி. இனிமே நான் தடுக்கல."

வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றாள். முருகையாவின் கை தரையைத் தடவி வந்தது, டின்னைத் தொட்டது, மூடியைத் திறந்தது.

"கரண்டி எங்கடி?" என்றார்.