சேனாபதிக்குப் போன நடை

புதன்கிழமை மூன்று மணிக்கு எங்களுடைய நொண்டலையும் திக்கலையும் குதிரைகள் வாங்கிக்கொள்ளும். ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். இதற்காகவே மாற்றுத்திறனாளிகள் சங்கத்து வேன் எங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் குதிரைப் பண்ணைக்குப் போகிறது.

முறை சுலபம். குதிரை மேல் ஏறி ஒரு சுற்று வந்தால் நம்முடையது அதற்குப் போய்விடும். ஐந்து மணிக்கு இன்னொரு சுற்று வந்தால் நமக்கே திரும்பிவிடும். சக்கர நாற்காலியில் வரும் முத்துலிங்கம் அந்த இரண்டு மணி நேரமும் நின்றபடி சுவர் நோட்டீஸ்களைப் படிப்பார். அவருடைய குதிரை நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். நாலரைக்கே அவர், "நின்னு நின்னு இடுப்பு வலிக்குதுங்க, நாற்காலியைக் கேட்டு வாங்கிக் கொடுங்க" என்பார்.

என் மனைவி மாராத்தாளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளும் ஒரு தடவை வந்தாள். தன் இருட்டைக் குதிரையிடம் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டாள். பிறகு வருவதில்லை.

என்னுடையது இடது கால். மூன்று வயதில் போலியோ. என் குதிரை சேனாபதி. வெள்ளை நிறம், கொஞ்சம் கூச்ச சுபாவம்.

அந்தப் புதன்கிழமை நான் ஒரு தப்பு செய்தேன். ஏறுவதற்கான சாய்தளம் குதிரைக்கு இடது பக்கம் இருக்கிறது. அதற்கு அன்றைக்குத்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் புது வேட்டி கட்டியிருந்தேன். அதனால் வலது பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன்.

ஐந்து மணிச் சுற்று முடிந்து இறங்கினேன். கால் நேராகவே இருந்தது. சேனாபதி நொண்டிக்கொண்டு நின்றது. பிசியோதெரபிஸ்ட் கோகிலவாணியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்கய்யா, மத்தியானம் எந்தப் பக்கம் ஏறுனீங்க?"

"வலப்பக்கம்மா. புது வேட்டி."

"இடப்பக்கம் ஏறுனாத்தானுங்க இரவல். வலப்பக்கம் ஏறுனா சீர் கொடுத்த மாதிரி. அதுவா மனசு வெச்சாத்தான் இனி."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே சேனாபதி பண்ணையைவிட்டு வெளியே போய்விட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. என் நடை சாயங்காலமானால் வீட்டுக்குப் போகிற நடை.

வேன் எல்லோரையும் இறக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்ததில் நான் வீடு சேர ஆறு மணியாகிவிட்டது. கதவைத் தட்டினேன்.

"யாருங்க?"

"நான்தான், காளியண்ணன். கதவைத் திற."

"அவரு வந்து அரை மணி நேரமாச்சுங்க. பணியாரம் சாப்பிட்டுட்டு இருக்காரு."

"மாராத்தா, என் குரல்கூடவா தெரியலை?"

"குரலை யார் வேணும்னாலும் வெச்சுக்கலாம். போன மாசம் பால்காரர் எங்க வீட்டுக்காரரு குரல்லதான் வந்தாரு. எங்கே, நடந்து காட்டுங்க."

என் நடை டக், சர்ர் என்று கேட்கும். நாற்பத்திரண்டு வருஷமாக அதைக் கேட்டுத்தான் அவள் கதவைத் திறக்கிறாள். இப்போது வாசலில் நடந்தேன். டக், டக் என்று கேட்டது.

"யாரோ போலீஸ்காரராட்ட இருக்குது. ஸ்டேஷன் அடுத்த தெருவுலீங்க" என்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் நாற்காலியில் சேனாபதி உட்கார்ந்திருந்தது. என் துண்டு அதன் தோளில் கிடந்தது. மாராத்தாள் அதன் தட்டில் பணியாரத்தை வைத்துக்கொண்டே, "இன்னைக்கு ஒரு குறையும் சொல்லாம சாப்பிடறீங்க. இப்படியே இருங்க, நல்லா இருக்குது" என்றாள்.

இன்னும் இரண்டு நாள் விட்டால் அவளுக்கு இதுவே பழகிவிடும். கோகிலவாணிக்குப் போன் செய்தேன்.

"கொடுத்த மாதிரியேதானுங்க வாங்கணும். அது உங்க மேல வலப்பக்கமா ஏறி ஒரு சுற்று வரணும். ஆனா ஒத்துக்குமான்னு தெரியலீங்க. ஆவணி வந்தா அதைக் கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்பிடுவாங்க. மாப்பிள்ளை கனத்தைத் தாங்கிக்கும். காதுக்குள்ள பேண்டு செட்டு அடிக்கறதுதான் அதுக்கு ஆகாது. நொண்டுனா யாரும் கூப்பிட மாட்டாங்கல்ல?"

நியாயமான காரணம்தான். நான் ஜன்னலோரம் போய் மெதுவாகச் சொன்னேன். "சேனாபதி, நடையைக் கொடுத்துடு. பதிலுக்கு என் இருமலைத் தரேன். முப்பது வருஷத்து இருமல். மேல உட்கார்ந்த மாப்பிள்ளை ஒரே இருமல்ல மாமனார் மடியில போய் விழுவான்."

அது நம்பவில்லை. ஒரு தடவை இருமிக் காட்டினேன். தெருநாய்கள் இரண்டு எழுந்து வேறு தெருவுக்குப் போயின. சேனாபதி கடைசிப் பணியாரத்தைத் தின்றுவிட்டு, துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, கொல்லைப்பக்கமாக வெளியே வந்தது.

நான் குனிந்தேன். வலது பக்கமிருந்து ஏறியது. எட்டு மூட்டை சிமென்ட் கனம் இருக்கும். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினோம். எதிர்வீட்டு வாசலில் நின்றவர், "என்னங்க, வாக்கிங்கா?" என்றார். "ஆமாங்க, டாக்டர் சொன்னாரு" என்றேன். புது வேட்டி முழுக்கக் குளம்புச் சேறு.

அது இறங்கியதும் என் கால் தரையில் சர்ர் என்று இழுபட்டது. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பிறகு காம்பவுண்டுச் சுவரில் கால் வைத்து, வலது பக்கமிருந்து அதன் மேல் ஏறி, ஒரு சுற்று போய், சொன்னபடியே இருமலை மட்டும் கொடுத்தேன்.

டக், சர்ர். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

"எப்பங்க வெளியே போனீங்க? பணியாரம் தீர்ந்துபோச்சு."

"பரவாயில்லை" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். சூடு அப்படியே இருந்தது.

மாராத்தாள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "நடை இருக்குது. இருமலைக் காணோமே?"

அப்போது வாசலில் யாரோ இருமினார்கள். முப்பது வருஷத்து இருமல்.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். "வாங்க, வாங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, பணியாரக் கல்லை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

நான் தள்ளி உட்கார்ந்தேன்.