ஈரச் சாம்பல்

சுகந்தினியின் அண்ணன் மனைவி புஷ்பவதி திருநீற்றுத் தட்டை நீட்டிக்கொண்டு சவப்பெட்டியைச் சுற்றி வந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். பெட்டிக்குள் கிடந்த ஜப்பான்காரர் ஷிகேருவுக்கும் மூன்று குறி இழுத்தாயிற்று. தலைமாட்டில் நின்ற சுகந்தினி புருஷனின் நெற்றியைத் தடவினாள். திருநீறு ஈரமாக இருந்தது.

"மச்சாள், இதை எங்கால எடுத்தனீங்கள்?"

"நான் கொண்டுவந்தது முடிஞ்சுது. பின்னால கராஜுக்குள்ள தொட்டி தொட்டியா நல்ல அரிச்ச நீறு கிடந்துது. உன்ர மனுசன் எங்களைவிடச் சைவம் போல."

சுகந்தினியின் கலியாணத்துக்குப் பிறகு புஷ்பவதி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது இன்றைக்குத்தான்.

"அதுக்குள்ள இருந்ததுகள்?"

"அந்தக் கறுத்தக் கட்டியளோ? பாவம், ஈரமாக் கிடந்துது. ஹீற்றருக்கு முன்னால காய வச்சிருக்கிறன்."

சுகந்தினி கராஜுக்கு ஓடினாள்.

பென்ரோஸ் பக்கம் கிடங்கு வேலை, குளிர்காலம் வந்தால் இந்த ரானுயி வீட்டுக் கராஜில், தண்ணீரில் உரைத்து எழுதுகிற ஜப்பான் மைக்கட்டி செய்வது. ஷிகேரு இந்தத் தொண்ணூற்றாறு யூலைக் குளிர் வரைக்கும் அப்படித்தான் வாழ்ந்தார். விளக்குக் கரியை மாட்டுத்தோல் பசையில் பிசைந்து, அச்சில் அழுத்தி, ஈரச் சாம்பலில் புதைப்பார். நாளுக்கு நாள் கொஞ்சம் காய்ந்த சாம்பலுக்கு மாற்றுவார். அவசரப்பட்டால் கட்டி வெடித்துவிடும். போன கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிசைந்தவை இவை. இனி அவர் கையால் ஒன்றும் வராது. அந்த மாட்டுத்தோல் சங்கதியை இப்போது சொன்னால் செத்த வீடென்றும் பாராமல் அத்தனை பேரும் குளிக்க ஓடுவார்கள்.

ஹீற்றரை அணைத்தாள். கட்டிகளைக் கடதாசியில் அழகாக அடுக்கியிருந்தாள் அந்தப் புண்ணியவதி மச்சாள். ஒன்றில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. மற்றவை தப்பக்கூடும். சுகந்தினி முழங்காலில் இருந்து தொட்டிச் சாம்பலைக் கிளறினாள்.

"சுகந்தி!" அண்ணன் குணரத்தினம் கராஜ் வாசலை மறித்து நின்றார். "பெட்டி மூடப் போறாங்கள். கடைசியா முகத்தைப் பார், வா."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ அண்ணை."

"எரிக்கிற இடத்தில நேரம் குடுத்திருக்கு, பொறுக்க மாட்டாங்கள். மனுசன் அங்க கிடக்கிறார், நீ இங்க கரிக்கட்டி பொறுக்கிறாய். சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். விட்டா இதுகள் வெடிச்சிடும்."

ஷிகேருவின் முகத்தைப் பார்க்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கட்டிகளை விட்டு எழும்ப முடியவில்லை.

பின்னாலேயே வந்த புஷ்பவதி எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தினாள்.

"நீ போ பிள்ளை. வெளியில எடுத்தவள் நான்தானே, நானே புதைச்சு விடுறன். இண்டைக்கு எந்தத் தொட்டியில வைக்கவேணும்?"

சுகந்தினி ஒவ்வொரு தொட்டியிலும் கையை விட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரேமாதிரித்தான் இருந்தன. ஷிகேரு என்றால் விரலை வைத்த உடனேயே எது எவ்வளவு ஈரமென்று சொல்லிவிடுவார்.

"பொறுங்கோ மச்சாள், இவரிட்டக் கேட்டுட்டு வாறன்" என்று எழுந்தாள்.

புஷ்பவதி நிமிர்ந்து பார்த்தாள். குணரத்தினம் விலகி வழிவிட்டார்.